வட்டுவாகல் பாலத்தில் நின்ற மாலை பஸ்

அண்ணை,

இன்று மாலை ஒரு பறவை என் தோளில் எச்சமிட்டுவிட்டது. வேறு எங்கேயும் இல்லை, உங்கள் வட்டுவாகல் பாலத்தில்தான். முல்லைத்தீவில் சனத்தை ஏற்றி, கருவாட்டுச் சிப்பங்களைக் கூரையில் கட்டி, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று மிதிபலகையில் நின்றேன். சொத்தென்று விழுந்தது. நேற்றுத்தான் வீட்டில் தோய்த்து மினுக்கித் தந்த காக்கிச் சட்டை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திட்ட வாயெடுத்தேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் என் கழுத்து தன்பாட்டில் அண்ணாந்துவிட்டது. தாராவா உள்ளானா, தனியே போகிறதா கூட்டமாகவா, வடக்குப் பக்கமா என்று பார்த்துவிட்டுத்தான் தோளைத் துடைத்தேன். இந்தக் கெட்ட பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தவர் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நன்றி சொல்லத்தான் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆத்திரம். நீங்கள் போன மாரிக்குப் பிறகு இன்னொரு மாரியும் வந்து போய்விட்டது, ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

நீங்கள் சாரதி, நான் கொண்டக்டர். முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்குப் போகும் மாலை பஸ் எங்களுடையது. அந்த பஸ்ஸுக்கு இருந்த ஒரே கடமை, கொழும்புக்குப் போகும் இரவு மெயில் ரயிலுக்குச் சனத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. புதுக்குடியிருப்பு, விசுவமடு, தர்மபுரம் என்று நின்று நின்று போனாலும், ஒழுங்காக ஓடினால் ரயில் வருமுன்னர் ஸ்டேஷன் வாசலில் ஒரு தேத்தண்ணி குடிக்க நேரம் இருக்கும். பங்குனி மாதத்தில் அந்தத் தேத்தண்ணியை நாங்கள் குடித்ததாக எனக்கு நினைவில்லை.

முதல் முறை நீங்கள் பாலத்தின் நடுவில் நிறுத்தியபோது சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். குதித்திறங்கி, பஸ்ஸைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சில்லாக உதைத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. நீங்களோ பாலத்து ஓரக் கட்டின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நந்திக்கடல் கடலேரிப் பக்கம் பார்த்தபடி நின்றீர்கள்.

"என்ன அண்ணை?"

"தாரா," என்றீர்கள்.

"தாராவுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. இருக்குது."

இதுதான் உங்கள் பதில். மெயிலுக்குப் போகும் பஸ்ஸை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டு, தாரா இருக்கிறது என்று சொல்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? பின்னால் இரண்டு மாட்டுவண்டிகள் வந்து நின்றுவிட்டன. அந்தப் பாலத்தில் ஒரு வாகனம் நின்றால் மற்றது விலத்திப் போக வழியில்லை. வண்டிக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். உங்களைத் திட்டவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட வராது, அது வேறு ஒரு தொல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, என்ஜினையும் நிறுத்திவிடுவீர்கள். சத்தத்துக்குப் பறவை வெருளுமாம். எங்கள் பஸ் தன்பாட்டில் உயிர் பிடிக்கிற பஸ்ஸா? முன்னால் கம்பியைச் செருகி, முதுகு முறியச் சுற்றினால்தான் இருமி இருமி எழும்பும். சுற்றுவது யார்? நான். தாரா வெருளாமல் நிம்மதியாக மேய வேண்டும் என்பதற்காக எத்தனை பங்குனி என் தோள்மூட்டு கழன்றது! இப்போது வந்திருக்கிற பஸ்ஸுக்கு அந்தக் கம்பியே கிடையாது, ஒரு பொத்தானை அமத்தினால் போதும். புதுச் சாரதி அதை அமத்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

அவ்வளவு பார்த்தீர்களே, பெயராவது தெரிந்து வைத்திருந்தீர்களா? நீந்துவது எல்லாம் உங்களுக்குத் தாரா. சேற்றில் ஓடுவது எல்லாம் உள்ளான். காலும் கழுத்தும் நீளமாக இருந்தால் நாரை. ஒருநாள் பஸ்ஸில் வந்த வாத்தியார் ஒருவர், இவை இமயமலைக்கும் அப்பால் போய்க் குஞ்சு பொரித்து, ஐப்பசி கார்த்திகையில் திரும்பி வருகின்றன என்று விளக்கினார். நீங்கள் வாயைத் திறந்தபடி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "பாத்தியே, அவ்வளவு தூரமும் ரிக்கெற் இல்லாமல் போகுதுகள்." வாத்தியார் சிரித்தார். மெயில் தவறிவிடும் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான் சிரிக்கவில்லை.

சனமும் பழகிவிட்டது. தேத்தண்ணிக்கடையும் வைத்துக்கொண்டு, கிளிநொச்சிச் சந்தைக்குக் கோழிக்கூடைகளோடு ஏறும் முஸ்லிம் நானா மட்டும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்துச் சொல்வார், "றைவர், என்ர கோழியள் வெக்கையில செத்தா நீர்தான் வாங்கோணும்." சொல்லிவிட்டு அவரும் இறங்கிவந்து உங்கள் பக்கத்தில் நிற்பார். விசுவமடுவுக்குப் போகும் ஒரு அம்மா நல்ல மனதோடு கேட்டார், "உதுகளைக் காய்ச்சினா ருசியா இருக்குமோ தம்பி?" நீங்கள் அவர் இறங்கும்வரை யாரோடும் கதைக்கவில்லை.

நீங்கள் எதற்காக அங்கே நிறுத்துகிறீர்கள் என்பதை எனக்குச் சொல்ல இரண்டு பங்குனி எடுத்தீர்கள். உங்கள் ஊரான தொண்டைமானாற்றில் இளவயதில் உங்கள் மாமன் ஒருவர் கண்டாராம். வாடைக்காற்று ஓய்ந்து விழுந்து, வெயில் ஏறிய பிறகு, ஒருநாள் பொழுதுபடும் நேரம், கடலேரியில் கிடக்கும் அவ்வளவு தாராவும் ஒன்றாக எழும்பி வடக்கே போகுமாம். மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான். "நான் ஒரு நாளும் கண்டதில்லை. முதல்நாள் இருக்கும், அடுத்தநாள் இராது. எந்தப் பொழுதில வெளிக்கிடுது எண்டு பிடிக்கேலாமல் கிடக்கு. அதை ஒருக்காப் பாத்தாக் காணும் எனக்கு, வேறொண்டும் வேண்டாம்." இதைச் சொன்னபோது உங்கள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பெண்சாதி பிள்ளை இல்லாத மனிதர், நானாவின் கடைக்குப் பின்னால் ஓர் அறையும் ஒரு பாயும் உங்கள் சொத்து. வாழ்க்கையில் கேட்டது இது ஒன்றுதான். சரி, பார்த்துவிட்டுப் போகட்டும், இந்த வருடத்தோடு தொல்லை தீரும் என்று நானும் நினைத்தேன். அந்த வருடம் நீங்கள் காய்ச்சலில் படுத்த ஒரே நாளில் அவை போய்விட்டன. அடுத்த வருடம் இருட்டிய பிறகு போயின, சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தாராக்களும் உங்களைப் போலத்தான், ஒருத்தருக்கும் ஒத்துவராத பிறவிகள்.

பிறகு அந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஏறிய நாள்.

அந்த மனிதரில் பிழை இல்லை, இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கொழும்பில் உத்தியோக உயர்வுக்கு நேர்முகப் பரீட்சை. கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்துப் போட்டு, மடியில் தோல்பையை வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருந்தார். ஏறும்போதே என்னிடம் கேட்டார், "மெயில் பிடிக்கலாம்தானே?" "ஓம் ஐயா, வடிவாப் பிடிக்கலாம்," என்றேன். பாலம் வந்தது. நீங்கள் நிறுத்தினீர்கள். அன்றைக்கு வாடை அடியோடு விழுந்திருந்தது. கடலேரி முழுக்கத் தாராக்கள் ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் நீந்தின. ஒரு பகுதி எழும்பிச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கியது. "இண்டைக்குத்தான்," என்றீர்கள். நான் மணி அடித்தேன். ஒன்றுக்கு நிறுத்த வேண்டும், இரண்டுக்கு எடுக்க வேண்டும். இரண்டிரண்டாக, கயிறு அறும்படி அடித்தேன். நீங்கள் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினீர்கள். கிளாக்கர் இறங்கிவந்து கெஞ்சினார், பிறகு ஏசினார், கடைசியில் பாலத்துக் கட்டின்மேல் குந்தியிருந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தாராக்கள் கத்தின, சுற்றின, இறகைக் கோதின. சூரியன் போய்விட்டது. ஒன்றுகூடப் போகவில்லை!

பரந்தனில் நாங்கள் கண்டது மெயிலின் பின்விளக்கு. கிளாக்கர் தோல்பையோடு ஸ்டேஷன் வாங்குப் பலகையில் போய் இருந்தார். அவர் அங்கேயும் ஏசியிருந்தால் எனக்குப் பரவாயில்லை.

கிளாக்கர் முறையிட்டு எழுதிய பெட்டிசம் வந்தது. டிப்போவில் விசாரணை வைத்தார்கள். உங்களுக்கு வேலை போய்விடும் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? இருந்த மூளையெல்லாம் கசக்கி நல்லதாக ஒரு பொய் செய்தேன். ரேடியேட்டர் கொதித்துவிட்டது, பாலத்தில் நிறுத்தித் தண்ணீர் விட்டோம். யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த பஸ் கொதிக்காத நாள்தான் அதிசயம். நானாவைச் சாட்சிக்குக் கேட்டேன். "பொய் சொல்லமாட்டன். ஆனா என்ர கண் கோழியளிலதான் இருந்தது எண்டு சொல்லுவன்," என்றார். அதுவும் போதும். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக நேர்த்தியும் வைத்தேன். உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், கேட்டால் "ஓம் ஐயா" என்றால் போதும். தலையாட்டினீர்கள். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிளாக்கரையும் முன்னால் இருத்திவிட்டு, மனேஜர் என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார். நான் தொண்டையைச் செருமி, "ஐயா, ரேடியேட்டர்…" என்று தொடங்கினேன். நீங்கள் கதிரையை விட்டு எழும்பினீர்கள்.

"ரேடியேட்டர் ஒண்டும் கொதிக்கேல்லை ஐயா. தாரா வெளிக்கிடுற நேரம், நான் பாத்துக்கொண்டு நிண்டனான். இவன் மணி அடிச்சவன், நான்தான் எடுக்கேல்லை. இந்த ஐயா சொல்லுறதெல்லாம் உண்மை."

மனேஜர் பேனாவை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். "என்னத்தைப் பாத்தனீர்?"

"தாரா ஐயா. எல்லாம் ஒண்டாப் போகும். அண்டைக்குப் போகேல்லை," என்றீர்கள், ஏதோ அவரும் அதற்காகக் கவலைப்படுவார் என்பதுபோல. கிளாக்கர்கூடத் தலை குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். முட்டிக்கொள்ள வசதியான சுவர்தான்.

வேலை போகவில்லை. பெரிய மனிதர் யாரோ நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், அல்லது உண்மை சொன்ன சாரதியை அந்த மனேஜர் அதற்கு முன் கண்டிராமல் இருக்கலாம். வவுனியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மனுக்கு நேர்த்தி வைத்தது உங்கள் வேலைக்காக, நீங்கள் ஓடின பாதைக்காக இல்லை, ஆகவே பொங்குவதா விடுவதா என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு கிழமை வழக்கு. கடைசியில் பொங்கினோம். பொங்கும்போதும் உங்களைத் திட்டிக்கொண்டேதான் அடுப்பை ஊதினேன்.

விசாரணை முடிந்த அன்று நானாவின் கடையில் எனக்கு நீங்கள் தேத்தண்ணி வாங்கித் தந்தீர்கள். நான் குடிக்கவில்லை. "ஆர் உங்களைக் கேட்டது?" என்றேன். "நான் சொல்லுறன் எண்டெல்லே சொன்னனான்? ஒரு சொல்லு, ஓம் ஐயா எண்ட ஒரு சொல்லு சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுதோ?"

நீங்கள் சுடச்சுட உறிஞ்சிக்கொண்டு சொன்னீர்கள், "உனக்கு ரெண்டு பிள்ளையள். பொய் பிடிபட்டா ரெண்டு பேற்றை வேலையும் போகும். உண்மைக்கு ஒருத்தன் போனாக் காணும்."

நான் என் தேத்தண்ணியை உங்கள் பக்கமே தள்ளிவிட்டேன். ஒரு மனிதன் உதவி செய்ய வந்தால் அவனை உதவி செய்ய விட வேண்டும். அவனுக்கு முந்திக்கொண்டு நீங்கள் அவனைக் காப்பாற்றிவிட்டுத் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தால், அவன் அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

வவுனியாவிலிருந்து பஸ்காரர் வாயிலாகச் செய்தி அனுப்புவீர்கள். சுகமா என்று கேட்டதாகச் சொல்லுவார்கள். பிறகு, "குளத்தில கொக்கும் நீர்க்காகமும்தானாம், அங்க தாரா வந்திட்டுதோ எண்டு கேட்டவர்." நான் பதில் அனுப்புவேன், வந்துவிட்டது, உங்களைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை என்று.

அடுத்த பங்குனியில் லீவு எடுத்துக்கொண்டு வந்தீர்கள். முல்லைத்தீவில் மாலை பஸ்ஸில் சனத்தோடு சனமாக ஏறி, புதுக்குடியிருப்புக்கு டிக்கெட் கேட்டீர்கள். உங்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்றேன். "பயணியெண்டால் ரிக்கெற் எடுக்கோணும்," என்று கையை நீட்டினீர்கள். அந்த ஒரு வருடத்தில் மெலிந்துபோயிருந்தீர்கள். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. புதுச் சாரதி நேரத்துக்கு வாழ்கிறவன், பாலத்தில் வேகத்தைக் குறைக்கவும் மாட்டான். அன்றைக்கும் வாடை விழுந்திருந்தது. பாலம் நெருங்க நெருங்க எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு ஏச்சு ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். நடுப்பாலம் வந்தது. நான் கயிற்றை இழுத்தேன். ஒரே மணி.

சாரதி திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தான். நானா கூடையைப் பிடித்துக்கொண்டார். "இறங்குங்கோ அண்ணை," என்றேன்.

"என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. இறங்கிப் பாருங்கோ."

நீங்கள் எழும்பினீர்கள். இறங்கப்போகிறீர்கள் என்று வழிவிட்டேன். நீங்களோ என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினீர்கள். "உனக்கு விசரோ? மெயிலுக்குப் போற சனம் இருக்கு. பின்னாலை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா. இன்னொரு பெட்டிசம் வந்தால் உன்ர பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?" சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி, நீங்களே கயிற்றை இரண்டு தரம் இழுத்தீர்கள். பஸ் புறப்பட்டது.

என் ஆயுளில் ஒரே ஒரு தடவை ஒரு சட்டத்தை மீறினேன், அண்ணை. அதுவும் உங்களுக்காக. அதற்கும் உங்களிடம் ஏச்சு வாங்கினேன்!

நீங்கள் கடலேரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பொறுப்பு என்றால் என்ன, கொண்டக்டர் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். யார் யாருக்குச் சொல்வது! அப்போதுதான், உங்கள் தோளுக்கு மேலால், யன்னலுக்கு வெளியே, அது நடந்தது.

"அண்ணை, பின்னாலை பாருங்கோ," என்று கத்தினேன்.

"கதையை மாத்தாதை," என்றீர்கள்.

"அண்ணை, பாருங்கோ எண்டெல்லே சொல்லுறன்!"

"நீ முதல்ல நான் சொல்லுறதைக் கேள்."

பாலம் முடிந்தது. பனைகள் வந்து மறைத்துவிட்டன. நானாதான் மெதுவாகச் சொன்னார், "றைவர், எல்லாம் எழும்பிப் போயிட்டுது. நீர் பாக்கேல்லையோ?" நீங்கள் திரும்பினீர்கள். பனையும் வடலியும்தான் தெரிந்தன. பிறகு என்னைப் பார்த்தீர்கள். எப்படி இருந்தது என்று சொல்ல நான் வாய் திறந்தேன். "சொல்லாதை," என்றீர்கள். "வாற பங்குனிக்கு நானே வந்து பாப்பன்." புதுக்குடியிருப்பில் இறங்கிக் கையைக் காட்டினீர்கள்.

பிறகு வந்த மார்கழி மழையில் நனைந்து நெஞ்சுச்சளி பிடித்ததாம். செய்தி பஸ்ஸுக்கு பஸ் கைமாறி எனக்கு வந்துசேரும்போது, தொண்டைமானாற்றில் செத்தவீடு எல்லாம் முடித்துவிட்டார்கள். எதற்கும் பிந்திப் போகிற மனிதர், இதற்கு மட்டும் முந்திக்கொண்டீர்கள். நான் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்று நான் அழுததும் ஆத்திரத்தில்தான் என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நீங்கள் சொல்லாதே என்றீர்கள். இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இதைச் சுமந்துவிட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. இனி முடியாது. கேளுங்கள்.

முதலில் சத்தம் நின்றது. அவ்வளவு கத்திக்கொண்டிருந்தவை ஒரேயடியாக வாயை மூடின. பிறகு வற்றாப்பளைப் பக்கத்திலிருந்து ஒரு ஓரமாகத் தொடங்கி, பாயைச் சுருட்டுவதுபோல, கடலேரி முழுக்க எழும்பியது. அடியில் வெறும் தண்ணீர் தெரிந்தது, அது சிவப்பாக இருந்தது. உங்கள் மாமன் பொய் சொல்லவில்லை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவை ஒரு தரம் பாலத்தின் பக்கமாகத் திரும்பி, எங்களுக்கும் சூரியனுக்கும் நடுவால் போயின. அவற்றின் நிழல் யன்னல்களால் உள்ளே வந்து, நானாவின் கூடைகள் மேலும், அந்தப் பிள்ளைத்தாச்சியின் முகத்திலும், நீங்கள் என்னை நோக்கி நீட்டிய விரலிலும் ஓடியது. அவ்வளவு நேரமும் நீங்கள் எனக்குப் பொறுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நின்றீர்கள். ஒரு தடவை திரும்பியிருக்கலாம், அண்ணை.